பொறையும் பொறுப்பும்

உடல்வலிமை இளைஞர்க்கு அழகு, கல்வி முதியோர்க்கு அழகு என்று நம்மவர் பொதுவாகக் கருதுவர். இக்கருத்தின் பிற்பாதியில் எவர்க்கும் ஐயமில்லை. முற்பாதியே ஆராயத்தக்கது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், அதிலும் ஏட்டோடும் எழுத்தோடும் வாழ்நாளைக் கழித்த ஒருவர், இரும்புத் தண்டில் வட்டுகளைக் கோத்துத் தூக்கிப் பழகத் தொடங்குவாராயின் ஊரார் அதனை நகைப்புக்குரிய செயலாகவே கொள்வர். 'இந்த வயதில் உமக்கு ஏன் இந்த வேலை?' என்பார் ஒருவர். 'எந்த மல்லனோடு பொருதப் போகிறீர்?' என்பார் மற்றொருவர். இவ்வினாக்கள் விளையாட்டாக எழுந்தனவாயினும் விளையாட்டாக விடையிறுத்து விடத்தக்கன அல்ல. நம் இல்லங்களில் நாளும் நிகழ்கின்ற ஒரு துன்பத்தோடு அவை தொடர்புடையன.

அவ்விடையின் ஒரு பகுதி தமிழ்மொழியின் சொல்வளத்திலேயே கிடக்கின்றது. பொறு என்பது ஒரு வினைப்பகுதி. பொறுத்தல் என்பதற்குப் பாரத்தைத் தாங்குதல் என்பதும் பொருள். பிறர் செய்த பிழையைத் தாங்கிக்கொள்ளுதல் என்பதும் பொருள். அப்பகுதியிற் பிறந்த பொறை என்னும் பெயர் சுமையையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். வள்ளுவர் பொறையுடைமை என ஓர் அதிகாரம் வகுத்த இடத்து, தன்னை அகழ்வாரையும் தாங்கி நிற்கும் நிலத்தை உவமையாகக் காட்டினார். தாங்குதலே அங்கு அடிப்படை. இனி, பொறுப்பு என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல்லும் அப்பகுதியின் வழிவந்ததே. சுமை, பொறுமை, பொறுப்பு ஆகிய மூன்றையும் ஒரே வேரில் நம் முன்னோர் கண்டனர். நடுவயதினர் பாரந்தூக்கிப் பழகுதல் தகுமோ என்னும் வினாவை ஆராயுமிடத்து இம்மூன்றையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

தென்கயிலையிற் பாரம் தூக்கியவன்

திருகோணமலையில் வாழ்வோர்க்குப் பாரந்தூக்கல் புதிய செய்தி அன்று. திருஞானசம்பந்தர் தம் பதிகங்கள் பெரும்பாலானவற்றின் எட்டாம் பாட்டில் இராவணன் கயிலையைத் தூக்க முயன்ற செய்தியை அமைத்துப் பாடியமை கற்றோர் அறிந்ததே. தென்கயிலை எனப்படும் நம் கோணமாமலைக்கும் அத்தகைய கதை ஒன்று வழங்குகின்றது. கோணேசர் ஆலயம் அமைந்த சுவாமிமலையின் விளிம்பிலே இராவணன் வெட்டு என ஒரு பிளவு உண்டு. இலங்கை வேந்தனின் அன்னை நோயுற்று, மலைக்கு வந்து வழிபட இயலாதவள் ஆயினாள் என்றும், மைந்தன் அம்மலையையே பெயர்த்து அவள்பாற் கொண்டு செல்லக் கருதினான் என்றும், அது கைகூடாது போயிற்று என்றும், அன்னை இறந்தபின் அவளுக்குக் கடன்கழித்த இடமே கன்னியா வெந்நீரூற்று என்றும் நம் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கின்றோம்.

இதனைச் செருக்கின் வீழ்ச்சியைக் கூறும் கதையாகவே நாம் பெரும்பாலும் வகுப்பறைகளிற் சொல்லி வருகின்றோம். அது பொருந்தும். எனினும் அதனுள் வேறு இரண்டு செய்திகளும் உள்ளன. அவன் தூக்க எண்ணியது புகழுக்காக அன்று. எழுந்து நடமாட இயலாத தாய்க்காக. இது முதலாவது. அவன் தன் வலியையும் தான் தூக்க எடுத்த பாரத்தையும் ஒப்பிட்டு நோக்கவில்லை. இஃது இரண்டாவது. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், மிக மென்மையான மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார். நோக்கம் தூயதாயினும் அளவு தவறினாற் செயல் முறியும் என்பது இவற்றாற் பெறப்படும். நோக்கமும் அளவும் ஒருங்கு அமைந்த பாரந்தூக்கல் எவ்வாறிருக்கும் என்பதே இக்கட்டுரையிற் கூற விரும்புவது.

சுமந்து வாழ்ந்த ஊர்

பாரந்தூக்கி என்று சொன்னால் இந்நாளில் துறைமுகத்தில் நிற்கும் இரும்புப் பொறியே நினைவுக்கு வருகின்றது. முன்னாளில் அப்பெயர்க்கு உரியவர் மனிதரே. மூடை சுமப்போரை நம் நாட்டில் நாட்டாமைமார் என வழங்குவர். ஓர் அந்தர் என்பது 112 இறாத்தல். இக்கால அளவையில் ஏறத்தாழ 51 கிலோகிராம். சீனன்குடாப் பக்கத்தில் 1980 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மாவு ஆலையின் பெரிய மூடை 50 கிலோ எடையுள்ளது. அஃதாவது ஏறக்குறைய ஓர் அந்தர். அத்தகைய மூடையை முதுகிலேற்றிப் படியேறுவோர் எந்தத் தேகப்பியாச நூலையும் கற்றவர் அல்லர். தொழிலே அவர்க்கு ஆசானாயிற்று.

கடற்கரையில் வாழ்வோரும் அத்தகையோரே. கரைவலையின் இரு வடங்களையும் இரு அணியினர் பற்றி, அம்பாப் பாடலின் தாளத்துக்கு அடியெடுத்து வைத்துப் பின்னோக்கி இழுத்த காட்சியை என் தலைமுறையினர் மறந்திரார். இன்று பல கரைகளில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழல்பொறி அவ்வடத்தை இழுக்கின்றது. இல்லங்களிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. துலா மிதித்தும் வாளியால் அள்ளியும் நீர் எடுத்தோம். உரலில் இடித்தோம், அம்மியில் அரைத்தோம், பாயில் இருந்து உண்டு, பாயிலிருந்தே எழுந்தோம். இன்று குழாயைத் திருகுகின்றோம், பொத்தானை அழுத்துகின்றோம், கதிரையில் இருந்து எழுந்து இன்னொரு கதிரைக்குச் செல்கின்றோம்.

இம்மாற்றங்களை நான் பழிக்கவில்லை. மூடையின் கீழ் முதுகு கூனிப்போனவர்களையும், புகையடுப்பின்முன் கண் கலங்கி நின்ற தாய்மாரையும் கண்டவர் எவரும் பழைய வாழ்வை மீட்டும் வேண்டார். பொறிகள் நம் உழைப்பைக் குறைத்தமை நன்றே. ஆயினும் உழைப்போடு சேர்ந்து வலிமையும் நம்மை விட்டு நீங்கிற்று. முன்னர்க் கேளாமலே கிடைத்த ஒன்றை இனித் தேடிப் பெறுதல் வேண்டும். நாளெல்லாம் கரும்பலகையின்முன் நின்று, மாலையில் விடைத்தாள்களின்முன் அமர்ந்திருக்கும் ஆசிரியர்க்கு இது பெரிதும் பொருந்தும்.

ஐம்பதின் பின் நிகழ்வது

வயது ஏறும்போது தலைமயிர் நரைப்பதைக் கண்ணாடி காட்டிவிடுகின்றது. தசை தேய்வதை அது காட்டுவதில்லை. ஐம்பதைக் கடந்தபின், பயிற்சி இல்லாதவர் உடலில் தசை ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை குறைகின்றது. வலிமையோ அதனினும் விரைந்து குறைகின்றது. விரைவான செயலுக்கு உதவும் தசை நார்கள் முற்படத் தேய்வதனால், கால் இடறியபோது சட்டென ஊன்றிக்கொள்ளும் ஆற்றல் முதலில் மறைகின்றது. குளியலறையில் வழுக்கி விழும் முதியோரை இளையோரினின்றும் வேறுபடுத்துவது வழுக்கல் அன்று. வழுக்கிய கணத்தில் உடலைத் தாங்கிக்கொள்ளும் வலிமையே. இத்தேய்வுக்கு நெடுங்காலம் தனிப்பெயர்கூட இல்லாதிருந்தது. அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பேர்க் என்பார் 1988 ஆம் ஆண்டில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துச் சார்க்கோபீனியா என அதற்குப் பெயரிட்டார். தசைக்குறை என்பது அதன் பொருள்.

தசை வலிமைக்கு மட்டும் உரியது அன்று. நாம் உண்ணும் சோற்றிலிருந்து குருதியிற் சேரும் சர்க்கரையின் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும் களஞ்சியமும் அதுவே. களஞ்சியம் சுருங்கினால் நெல் முற்றத்திற் சிந்திக் கிடக்கும். ஆசிரியர் அறைகளில் நீரிழிவு மாத்திரை இன்றிப் பகலுணவு உண்பார் அருகிவரும் இக்காலத்தில் இவ்வுண்மை கருதற்பாலது.

நம் நாடு முழுவதுமே முதுமையடைந்து வருகின்றது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 65 வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 7.9 பங்கினர். 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 12.6 பங்கினர் ஆயினர். இளையோர் பலர் கடல் கடந்து வாழும் நம் ஊர்களில் இதன் பொருள் என்னவென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐம்பது வயதினர் எண்பது வயதினரைத் தாங்க வேண்டியவர் ஆகின்றனர். அவ்வைம்பது வயதினர் எண்பதை அடையும்போது அவரைத் தாங்க யார் அருகிலிருப்பார் என்பது தெளிவாயில்லை.

இழந்தது மீளுமா? அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த ஆய்வொன்று 1990 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மரியா பியற்றறோன் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து முதியோரைத் தெரிந்து, எட்டு வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி அளித்தனர். ஒன்பதின்மர் இறுதிவரை நின்றனர். அவர்தம் கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது. அஃதாவது முன்னிருந்ததனினும் இரண்டரை மடங்குக்கு மேலாயிற்று. தொண்ணூறில் விளைவது ஐம்பதில் விளையாது என்று சொல்ல இடமில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வயதுவந்தோர் யாவரும் வாரத்தில் இரண்டு நாட்களேனும் பெருந்தசைகள் அனைத்துக்கும் வலிமைப் பயிற்சி அளித்தல் வேண்டும் எனக் கூறியுள்ளது. நடத்தல் நன்று, அது நெஞ்சுக்கும் மூச்சுக்கும் உதவும். ஆனால் நடையொன்றே தசைத் தேய்வைத் தடுத்துவிடாது.

கல்லும் தண்டும்

வலிமையைப் பாரத்தால் அளக்கும் வழக்கம் தமிழர்க்குத் தொன்மையானது. தென்பாண்டி நாட்டு ஊர்களில் இளவட்டக்கல் என ஓர் உருண்டைக் கல் கிடக்கும். அதனைத் தூக்கித் தோளின் பின்னால் எறியவல்ல இளைஞனே மணத்துக்கு உரியவன் என்பர். நெடுந்தொலைவிலுள்ள ஐஸ்லாந்து தீவிலும் இதனையொத்த வழக்கம் முன்னாளில் இருந்தது. அங்குள்ள ஒரு கடற்கரையில் நான்கு கற்கள் கிடக்கின்றன. அவற்றின் எடை முறையே 154, 100, 54, 23 கிலோ. மீன்பிடி படகில் இடம் வேண்டியோர் அக்கற்களைத் தூக்கித் தம் தகுதியைக் காட்டவேண்டியிருந்தது. 54 கிலோக் கல்லைத் தூக்க இயலாதவர்க்குப் படகில் இடம் கிடைக்கவில்லை. அவ்வெடை நம் அந்தரோடு ஏறத்தாழ ஒத்திருத்தல் வியப்புக்குரியது. தெற்கே கல் மணமகனைத் தெரிந்தது. வடக்கே கல் மீனவனைத் தெரிந்தது.

கல் தேர்வு வைக்கும், கற்பிக்காது. 54 கிலோவை இன்று தூக்க இயலாதவர்க்கு நாளை 24 கிலோவும் மறுவாரம் 26 கிலோவுமாக அக்கல் தன்னைச் சுருக்கிக் கொடுப்பதில்லை. இக்குறையைத் தீர்த்ததே பார்பெல் எனப்படும் இருப்புத் தண்டின் சிறப்பு. போட்டிகளில் ஆடவர் கையாளும் தண்டு 20 கிலோவும், மகளிர் கையாளும் தண்டு 15 கிலோவும் எடையுள்ளன. அதன் இருமுனையிலும் வேண்டிய வட்டுகளைக் கோக்கலாம். சிறிய வட்டு ஒன்று ஒன்றேகாற் கிலோ. இரு பக்கமும் ஒவ்வொன்று சேர்த்தால் இரண்டரைக் கிலோ கூடும். இதனாற் பாரம் மனிதனுக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கின்றது. கன்றை நாளும் சுமந்து, அது காளையானபோதும் சுமந்தான் எனக் கிரேக்கர் கூறும் மைலோவின் கதையில் இக்கருத்து முன்னரே உண்டு. கன்று வளரும் வேகம் நம் கையில் இல்லை. வட்டின் எடை நம் கையில் உண்டு. அவ்வளவே வேறுபாடு.

சாண்டோ என்னும் பெயரைத் தமிழ் வாசகர் அறிவர். ஜேர்மனியிற் பிறந்த யூஜின் சாண்டோ என்னும் வலியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற் சுற்றுப்பயணம் செய்தார். அதன்பின் அவர் பெயர் தமிழ்நாட்டில் ஒரு பட்டமாகவே ஆயிற்று. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் அதற்குச் சான்று. ஆயினும் சாண்டோவின் வழி காட்சியின் வழி. நடுவயதினர்க்கு ஏற்ற வழியை வகுத்தவர் தோமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர். அவர் இளமையில் வாதக் காய்ச்சலால் நலிந்து, பாரந்தூக்கித் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர். நம் துறைமுகத்தின்மீது 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் குண்டு வீழ்த்திய அதே உலகப்போரிற் காயமுற்ற வீரர் பலர் சிக்காகோ நகரத்துப் படை வைத்தியசாலையில் அவர் பொறுப்பில் இருந்தனர். முழங்கால் நலிந்த அவர்களுக்கு மெல்லிய பயிற்சியே தகும் என்பது அக்காலக் கொள்கை. டிலோர்ம் பாரம் கொடுத்தார், படிப்படியாக ஏற்றினார். அவர்கள் விரைந்து தேறினர். 1945 ஆம் ஆண்டில் அம்முறையை அவர் எழுதி வெளியிட்டார். நோயாளர் பொருட்டு வகுக்கப்பட்ட முறையே இன்று உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் வழங்குகின்றது.

பயிலும் முறை

ஐம்பத்திரண்டாம் வயதில், துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள சிறிய உடற்பயிற்சிக் கூடமொன்றில் நான் பயிலத் தொடங்கினேன். அங்கு வருவோரிற் பலர் இளைஞர். சிலர் துறைமுகத் தொழிலாளர். எனக்குக் கற்பித்தவர் ஒரு காலத்தில் என்னிடம் இலக்கணம் பயின்ற மாணாக்கர். 'சேர், முதுகை வளைக்காமல் பிடியுங்கோ. அவசரம் வேண்டாம்' என்று அவர் சொல்லும்போது, புணர்ச்சி விதியை அவசரமாகக் கடக்க முயன்ற அவரைத் தடுத்து நிறுத்திய நாட்கள் என் நினைவுக்கு வந்தன. கல்வி வட்டமாகச் சுற்றி வந்து ஆசிரியனையே மாணவன் ஆக்குதல் ஒரு நற்பேறு என்றே கொண்டேன்.

பயிற்சியின் உறுப்புக்கள் பல அல்ல. தண்டைத் தோளில் ஏந்திக் குந்தியெழுதல் ஒன்று. தரையிற் கிடக்கும் தண்டைப் பற்றி நிமிர்ந்து நிற்றல் ஒன்று. தோளளவில் ஏந்திய தண்டைத் தலைக்குமேல் உயர்த்தல் ஒன்று. பலகையிற் கிடந்து மார்பின்மேல் உந்துதல் ஒன்று. இவற்றுள் முதலாவது நமக்கு அந்நியம் அன்று. பிள்ளையார் முன் நாம் இடும் தோப்புக்கரணத்தின் உடன்பிறப்பே அது. கைகளாற் செவியைப் பற்றுதல் என்னும் பொருளுடைய வடசொற்றொடரே தோப்புக்கரணம் எனத் திரிந்தது என்பர். வகுப்பறையில் அது தண்டனையாயிற்று; கோயிலில் வழிபாடாயிற்று; இங்கே மருந்தாகின்றது.

எழுத்தறிந்து, சொல்லறிந்து, அதன்பின் யாப்பறிவது போல, முதற்சில வாரங்கள் வெறுந்தண்டோடு நிலையைப் பயிலுதல் வேண்டும். இருபது கிலோத் தண்டும் கனமாகத் தோன்றுவார்க்கு அதனினும் மெல்லிய கோல் உண்டு. ஒவ்வொன்றையும் ஐந்து முறை தூக்கி, இளைப்பாறி, மீண்டும் ஐந்து முறை, பின்னும் ஐந்து முறை எனச் செய்தல் ஒரு நன்முறை. நிலை வழுவாதிருந்தால் அடுத்த முறை இரண்டரைக் கிலோ சேர்க்கலாம். வழுவினால் அதே பாரத்திலேயே நிற்றல் வேண்டும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். தூக்கும்போது தசை வளர்வதில்லை; தூக்கியபின் உண்டு உறங்கும்போதே வளர்கின்றது. ஆகவே இடைநாட்கள் வீண்நாட்கள் அல்ல. மூத்தோர் தம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் உண்ணல் நன்று என்பது உணவியலார் கருத்து. மீனும் முட்டையும் பயறும் உழுந்தும் நம்மூரில் அரிய பொருள்கள் அல்ல.

எச்சரிக்கையும் கூறுதல் கடன். குருதி அழுத்தம், இதயநோய், குடலிறக்கம், கண்ணின் விழித்திரை நோய், சிறுநீரக நோய் ஆகியன உடையோர் மருத்துவரைக் கேளாது தண்டைத் தொடுதல் கூடாது. மூச்சை நெடுநேரம் அடக்கித் தூக்குதல் குருதி அழுத்தத்தை மிக உயர்த்தும். அருகில் நிற்கும் இளைஞர் தூக்கும் பாரத்தை நோக்கி நம் பாரத்தை முடிவு செய்தல் ஆகாது. இங்கே போட்டி சென்ற வாரத்து நம்மோடு மட்டுமே.

நாற்பது கிலோவில் தொடங்கிய நான், இரண்டு ஆண்டின் முடிவில் 100 கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்றேன். இரண்டு அந்தருக்குச் சற்றுக் குறைவு. போட்டி வீரர்க்கு இது சிறிது. நாற்பத்தெட்டுப் பக்க வினாத்தாள் கட்டைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்த ஆசிரியர் குலத்துக்கு இது பெரிது.

மகளிர்க்கும் உரியது

இப்பயிற்சி ஆடவர்க்கே உரியது என்பாரும் உளர். மாதவிடாய் நின்றபின் எலும்பு நலிவது மகளிரிடத்தே மிகுதி ஆதலின் அவர்க்கே இது முதற்கண் வேண்டும். அவுஸ்திரேலியாவிலுள்ள கிரிபித் பல்கலைக்கழகத்தினர் எலும்படர்த்தி குறைந்த 101 மகளிரைக்கொண்டு நடத்திய ஆய்வு 2018 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பகுதியினர் எட்டு மாதம், வாரம் இருமுறை, அரைமணி நேரம், தக்க மேற்பார்வையிற் கனமான பாரம் தூக்கினர். அவர்தம் முதுகெலும்பின் அடர்த்தி கூடிற்று. வீட்டில் மெல்லிய பயிற்சி செய்த மற்றைப் பகுதியினர்க்கு அது கூடவில்லை. நலிந்த எலும்பினர் பாரம் தூக்கலாகாது என்னும் பழைய அச்சத்தை அந்த ஆய்வு பெரிதும் அகற்றியது.

ஆற்றல் உண்டா என வினவுவார்க்குச் சான்றுகளும் உள. பாரந்தூக்கலில் மகளிர்க்கு ஒலிம்பிக் போட்டி முதன்முதல் வைக்கப்பட்ட 2000 ஆம் ஆண்டிலேயே ஆந்திர நாட்டுக் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோவைத் தூக்கி வெண்கலம் பெற்றார். துறை வேறாயினும் நம் வன்னி மண்ணின் செய்தி ஒன்று அதனினும் நமக்கு அணித்து. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023 ஆம் ஆண்டில், தமது 72 ஆம் வயதில், பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் ஓடித் தங்கம் பெற்றார். போரும் கடற்கோளும் கண்ட மண்ணில் வாழ்ந்த ஓர் அம்மையாரின் கால்கள் அவை.

யாருக்காகத் தூக்குவது

என் அன்னையார் எண்பதைக் கடந்தவர். இடுப்பெலும்பு முறிந்தபின் தாமே எழ இயலாதவரானார். காலையிற் கட்டிலிலிருந்து கதிரைக்கும், இரவிற் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் அவரைத் தூக்கி வைப்பது என் கடன். அவர் எடை நாற்பத்தைந்து கிலோதான். நான் பழகிய பாரத்திற் பாதியும் இல்லை. ஆயினும் தண்டு பிடிப்பதற்கென்றே சமைக்கப்பட்டது; மனித உடல் அவ்வாறு அன்று. அது வளையும், நழுவும், நோவும், அஞ்சும். பாதங்களை ஊன்றி, முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, பாரத்தை மார்போடு அணைத்து எழுதல் என்னும் பாடம் உடற்பயிற்சிக் கூடத்தைக் காட்டிலும் அக்கட்டிலின் அருகேதான் எனக்கு முழுப்பொருள் தந்தது. தொடக்க நாட்களில், 'மெல்லத் தம்பி, விழுத்திப்போடாதை' என்று அவர் என் தோளை இறுகப் பற்றுவார். சில மாதங்களாக அவர் அவ்வாறு சொல்வதில்லை. தூக்கும்போதே அயலவர் செய்திகளைப் பேசிக்கொண்டிருக்கின்றார்.

இல்லங்களில் நாளும் நிகழ்கின்ற துன்பம் என்று தொடக்கத்திற் குறித்தது இதனையே. முதியோரைப் பேணும் அன்பு நம்மிடம் குறைந்துவிடவில்லை. அன்பைச் செயலாக்கும் தோளும் முதுகும் தளர்ந்துவிட்டன. தாயைத் தூக்கப் புகுந்த மகன் முதுகு பிடித்துத் தானும் கட்டிலிற் கிடக்கும் வீடுகளை நாம் அறிவோம். பணம் கொடுத்து ஆள் வைக்க எல்லார்க்கும் இயலாது. இயன்றவர்க்கும் நள்ளிரவில் ஆள் கிடைக்காது. எண்பது வயதினரைத் தாங்குதல் நம் பொறுப்பின் ஒரு பாதி. நாம் எண்பதை அடையும்போது பிறர்க்குப் பெருஞ்சுமை ஆகாதிருத்தல் அதன் மறுபாதி. இரண்டுக்கும் வலிமை வேண்டும். அவ்வலிமையை ஐம்பதிலேயே சேர்த்தல் வேண்டும்.

உடம்பை இழிவென்று எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே உறுபொருள் கண்டு அதனைப் போற்றத் தொடங்கியதாகத் திருமூலர் கூறுகின்றார். கற்றோர் அந்த மாற்றத்தை எய்துதற்கு ஐம்பது வயது பிந்திய காலம் அன்று. பாடசாலைகள் பலவற்றில் விளையாட்டுப் பொருள் அறை மாலையிற் பூட்டிக்கிடக்கின்றது. ஒரு தண்டும் சில வட்டுகளும், முறையறிந்த ஒருவர் துணையும் இருப்பின், வாரத்தில் இரு மாலை ஆசிரியர்கள் அங்கே மாணாக்கர் ஆகலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நகைப்பைப் பொறுக்கும் பொறை ஒன்று வேண்டும்.

தண்டு கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு, கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்வதற்கு 15 விநாடிக்கு மேலாகுமாயின் வலிமை குன்றியுள்ளது என்று கொள்ளலாம் என ஐரோப்பிய அறிஞர் குழுவொன்று 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறும். கதிரையிலிருந்து இக்கட்டுரையைப் படித்தவர்கள், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, கைகளை ஊன்றாது ஒருமுறை எழுந்து பார்ப்பார்களாக.